ஓடுகிறவனைச் சுடாதவள்

முதல் அநியாயம் ஒரு சாவி. ஷூ கம்பெனியில் தையல் பிரிவுப் பெண்களின் கக்கூஸ் சாவியை சூப்பர்வைசர் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு, ஒரு ஷிப்டில் இரண்டாவது தடவை கேட்கிறவளை எல்லார் முன்னாலும் "என்ன, இன்னைக்கு ஸ்பெஷலா?" என்று கேட்டான். அதற்கடுத்த அநியாயம், அந்தச் சாவியைச் சுவரில் மாட்டச் சொல்லி நோட்டீஸ் அடித்தவர்களை வேலையை விட்டு நிறுத்தியது. அதற்கடுத்தது, நிறுத்தப்பட்டவர்களுக்காக கேட்டின் வெளியே உட்கார்ந்த கூட்டத்தின்மேல் தோல் ஊறவைத்த சுண்ணாம்புத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பீய்ச்சியது. அதற்கடுத்தது துப்பாக்கிச் சூடு. அதற்கடுத்தது, செத்த ஐந்து பேரில் நாலு பேர் உடலை மட்டும் கொடுத்து, ஐந்தாவது உடலை, பூங்காவனத்தின் தம்பி சம்பங்கியின் உடலைக் கொடுக்காமல் விட்டது. கேட்டின் முன்னால் கிடந்த அவனுடைய இடது கால் செருப்பு ஒன்றுதான் வீடு வந்து சேர்ந்தது. அதற்கடுத்தது விசாரணைக் கமிஷனின் அறிக்கை: கூட்டம் பாய்ந்து வந்தது, எதிர்த்து நின்றவர்கள்தான் சுடப்பட்டார்கள், இறந்தவர்கள் நான்கு பேர், சம்பங்கி என்பவர் தலைமறைவு. கடைசி அநியாயம் வருஷா வருஷம் நடந்தது. ஸ்டேஷனிலிருந்து யாராவது ஒரு போலீஸ்காரர் வந்து வாசலில் நின்று, "உன் தம்பி வந்தானாம்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்.

இந்த வரிசையைப் பாலாற்றங்கரைப் பூட்ஸ் காலனியில் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. சாவிக்கு முன்னால் துப்பாக்கியைச் சொல்லிவிட்டால் பூங்காவனம் கையை நீட்டி நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வாள். பள்ளிக்கூடம் போனவர்கள் அ என்றால் அணில், ஆ என்றால் ஆடு என்று படித்தார்கள். அவள் துண்டறிக்கைகளை வைத்து எழுத்துக் கற்றவள். அவளுக்கு அ என்றால் அடக்குமுறை, ஆ என்றால் ஆர்ப்பாட்டம்.

அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு காலனியில் ஒரு வழக்கம் வந்தது. நாலு சாட்சிகள் முன்னால் பெயரைப் படிக்காமல் எந்த உடலும் மண்ணுக்குள் போகாது. ஷூ பெட்டியின் அட்டை மூடியில் செத்தவர் பெயர், அப்பன் பெயர், எப்படிச் செத்தார், யாராவது கொன்றிருந்தால் கொன்றவர் பெயர், இவ்வளவையும் எழுதி உரக்கப் படித்து, மூடியைப் பிணத்தின் நெஞ்சில் வைத்த பிறகுதான் மண்ணைத் தள்ளுவார்கள். குடித்துச் செத்த ஒருவனுக்கு "கொன்றது" என்ற இடத்தில் சாராயக் கடைக்காரன் பெயரைப் படித்ததில் சுடுகாட்டிலேயே மண்டை உடைந்தது. அப்போதும் மூடியில் எழுதியதை யாரும் அழிக்கவில்லை.

சம்பங்கிக்கு மட்டும் மூடி எழுதப்படவில்லை. உடல் இல்லை, சுட்டவன் பெயரும் இல்லை. அந்தப் பெயரைச் சுட்டவன் வாயாலேயே நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும் என்பது ஒன்றுதான் பூங்காவனத்துக்கு இந்த உலகத்திடமிருந்து வர வேண்டிய பாக்கி. தலைமுடி நரைத்து, லத்தியடி பட்ட முட்டி மழைக்காலத்தில் வீங்கி, சங்கத்தில் பாதிப்பேர் சூப்பர்வைசர்களாகிவிட்ட பிறகும் அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்படிப்பட்டவள் செல்போனில் கேம் விளையாடுவாள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சங்கத்துக்கென்று பழைய போன் ஒன்று வாங்கினார்கள், அதில் முன்பு வைத்திருந்தவன் இறக்கிவைத்த கேம் ஒன்று கிடந்தது, வாழ்நாளில் பாதியைக் கோர்ட்டு வராண்டாவிலும் லேபர் ஆபீஸ் பெஞ்சிலும் காத்துக் கழித்த ஒருத்தி அதைத் திறந்து பார்த்தாள். வெறி கிடையாது. குழாயடியில் குடம் நிறையும் வரை, ரேஷன் வரிசை நகரும் வரை, பூட்ஸின் மேல்தோலுக்கு ஒட்டிய பசை காயும் வரை விளையாடுவாள், கூப்பிட்டால் வைத்துவிடுவாள்.

ஆனால் அதிலும் அவளுக்கென்று பிடித்தது பிடிக்காதது உண்டு. கார் ஓட்டும் கேம் அவளுக்கு ஆகாது; போக வேண்டிய இடமே இல்லாமல் இவ்வளவு வேகமா என்பாள். பயிர் வைக்கும் கேமை ஒருநாள் பார்த்தாள். தண்ணீர் ஊற்ற வரவில்லை என்று போன் அவளைக் கூவிக் கூவிக் கூப்பிட்டதும், பண்ணையார் பழக்கம் என்று அழித்துவிட்டாள். அவளுக்குத் துப்பாக்கி கேம்தான் வேண்டும். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில் ஒரு கோட்டை, அதைக் காக்கும் சாம்பல் சட்டைச் சிப்பாய்கள், தன்னந்தனியாக உள்ளே நுழைய வேண்டிய ஓர் ஆள். எப்போதும் 'சுலபம்' என்பதைத்தான் அழுத்துவாள். கஷ்டம் வெளியே தேவையான அளவுக்கு இருக்கிறது என்று சொல்வாள். தளபதிகள் பேச ஆரம்பித்தால் தள்ளிவிட்டுவிடுவாள். புதுப்புது துப்பாக்கிகள் கிடைத்தாலும் முதல் கட்டத்தில் தந்த பழைய ரைபிளை விடமாட்டாள். மருந்துப் பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டே போவாள், சாகிற நிலையிலும் ஒன்றைக்கூடப் பிரிக்கமாட்டாள், பின்னால் தேவைப்படும் என்பாள். சத்தத்தைக் குறைக்காமல் வைத்துத்தான் விளையாடுவாள். கேடயம் பிடித்தவனை முதலில் சுடுவாள். சமையற்காரனைச் சுடமாட்டாள், நாயைச் சுடமாட்டாள், முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுடவே மாட்டாள். அதற்காகக் கேம் மார்க்கைக் குறைத்தாலும் பரவாயில்லை என்று அவன் பனிக்குள் மறையும் வரை ரைபிளைத் தாழ்த்திக்கொண்டு நிற்பாள்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு காலையில் ரேஷன் வரிசையில் நின்றபடி கோபுரத்தின் மேலிருந்த சிப்பாய் ஒருவனைச் சுட்டாள். போனுக்குள் அவன் கோபுரத்திலிருந்து சரிந்தான். காலனிக்குள் ரேஷன் கடையின் எடை மேடைமேல் வந்து விழுந்தான். சாம்பல் சட்டை, நெற்றியில் ஓட்டை, இரண்டு தோளிலும் அப்பியிருந்த பனி. கடைக்காரர் பழக்கத்தில் எடையைப் பார்த்தார், எண்பத்திரண்டு கிலோ, பிறகுதான் அலறினார். பனி அந்த வெயிலிலும் உருகவில்லை, ரத்தம் மட்டும் அரிசி மூட்டைகளின் அடியில் ஓடியது.

முதல் நாள் காலனி அலறியது. இரண்டாம் நாள் கும்பலாகக் கூடி நின்று பேசியது. மூன்றாம் நாள், டீக்கடை சௌகத் பாய் அவள் பின்னால் நின்று போனை எட்டிப் பார்த்து, அவள் விரல் அழுத்தவும் எதிர்வீட்டுத் தகரக் கூரைமேல் ஒருவன் தடாலென்று விழவும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

"யக்கா, இது உன் வேலைதான்க்கா" என்றார்.

"இருந்தா?" என்றாள் பூங்காவனம்.

"இருந்தா இன்னா, கடைக்கு நேரா மட்டும் சுடாத. பாய்லர் சூடா கீது."

இப்படித்தான் காலனி அந்த அதிசயத்தைத் தன் மற்றக் கஷ்டங்களுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி உட்காரவைத்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, "அண்ணி, வெள்ளிக்கிழமை பந்தல் போடறோம், ரெண்டு நாளைக்கு மட்டும் கேமைத் தொடாதீங்க" என்று பத்திரிகையோடு கேட்டுக்கொண்டார்கள். கையெறி குண்டு வேண்டாம், பொறுக்குவது சிரமம் என்று தோட்டிவேலை செய்யும் குடும்பத்தார் சொன்னபோது அதில் நியாயம் இருப்பதாக ஒப்புக்கொண்டாள். அக்கம்பக்கத்து நாய்கள் முதலில் ஊளையிட்டன, பிறகு சத்தம் கேட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தன. விழுந்தவர்கள் எத்தனை பேரானாலும் முகம் மூன்றுதான். கேம் செய்தவன் அதற்குமேல் மெனக்கெடவில்லை. மீசைக்காரன், தழும்பன், சின்னவன் என்று பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர் வைத்தன. பூங்காவனத்தின் பக்கத்துவீட்டுக்காரியும் கம்பெனியில் அவளோடு பக்கத்து மெஷினில் தைத்தவளுமான ஜெயசீலி, பிணங்களின் பூட்ஸைக் கழற்றிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யக்கோ, ஒரு தையல்கூட கிடையாதுக்கா. கோடு வரைஞ்சு வெச்சிருக்கான். இந்த பூட்ஸைப் போட்டுகினு பனியில நின்னவன் குண்டு படாமலே செத்திருப்பான்."

சிக்கல் அடக்கம் செய்வதில்தான் வந்தது. பிணங்கள் பனியின் குளிர்ச்சி மாறாமல், ஈ மொய்க்காமல், நாறாமல் கிடந்தன. பெயர் படிக்காமல் புதைக்க வழக்கம் இடம் தரவில்லை. மூன்று முகத்துக்கு எத்தனை பெயர் வைப்பது என்று சங்கத் தலைவர் கோதண்டன் கேட்டார். அவர் அந்தத் துப்பாக்கிச் சூட்டில் வலது கை விரல்களை இழந்தவர். அந்தக் கையையே மேடையில் உயர்த்திப் பேசிப் பேசித் தலைவரானவர். அவருக்கு ஜெயசீலிதான் பதில் சொன்னாள். கம்பெனியில் நின்றபடி தைத்து, சாவி கேட்க வெட்கப்பட்டு அடக்கி அடக்கி, ஐந்தாம் மாதத்தில் தனக்குக் கலைந்துபோன பிள்ளைக்கு வைக்க எண்ணியிருந்த பெயரை அவள் முதல் சிப்பாய்க்குக் கொடுத்தாள். அடுத்தவள் தன்னுடையதைக் கொடுத்தாள். இப்படி ஒவ்வொருத்தியும் அதுவரை வாய்விட்டுச் சொல்லாத பெயரைக் கொண்டுவந்து அட்டை மூடியில் எழுதச் சொல்லி, அப்பன் பெயர் இருக்கும் இடத்தில் தன் பெயரையே எழுதச் சொல்லி, நாலு சாட்சி முன்னால் அழுதுகொண்டே கேட்டுவிட்டுப் போனாள். பெயர் படித்து முடித்ததும் பிணத்தின் பனி உருகியது. பூங்காவனம் எல்லா மூடியிலும் தன் கையால் ஒரே வரியைச் சேர்த்தாள்: "சண்டையில், எதிர்த்து நின்று செத்தான்." அது உண்மை என்பதில் அவளுக்குக் கர்வம் இருந்தது. கமிஷன் எழுதிய அதே வரி, ஆனால் நான் எழுதினால் பொய் இல்லை என்பாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்தவர், நாற்றம் இல்லாததைக் கண்டு கைக்குட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"யாரும்மா இவங்களைச் சுட்டது?"

"நல்ல கேள்வி சார்" என்றாள் பூங்காவனம். "இந்தக் கேள்வியை உங்க டிபார்ட்மெண்ட் இந்தக் காலனியில கேக்கறது இதுதான் முதல் தடவை. என் தம்பி சம்பங்கியைச் சுட்டவன் யாரோ, அவனைக் கூட்டியாங்க. நாலு பேர் முன்னால அவன் வாயால அவன் பேரைச் சொல்லட்டும். அந்த நிமிஷமே போனை அணைச்சு உங்க கையில குடுக்கறேன். அதுவரைக்கும் விளையாடுவேன்."

"உன் தம்பி தலைமறைவுன்னு ரெக்கார்டுல இருக்கு."

"அப்ப இவங்களும் தலைமறைவுன்னு எழுதிக்குங்க."

சட்டத்தில் இதற்குப் பிரிவு கிடைக்காததால், பிணங்களைக் காவல் காக்க ஓர் ஏட்டை அனுப்பிவைத்தார்கள். ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருந்த மனிதர். பெயர்ப்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் சட்டையில் இரண்டு ஊசி ஓட்டைகள்தான் இருந்தன. கேட்டதற்கு, எங்கோ விழுந்துவிட்டது என்றார். காலனி அவரை ஏட்டய்யா என்றே கூப்பிட்டது. சௌகத் பாய் கடைக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவரும் போனை எடுத்தார். ஒரே நிற மிட்டாய்களை வரிசை சேர்த்து உடைக்கிற கேம். சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுத்தான் விளையாடுவார். பூங்காவனம் சுடும்போதெல்லாம் அவர் தோள் ஒருமுறை குலுங்கும், கட்டைவிரல் தவறான மிட்டாயில் போய் விழும்.

"ஏட்டய்யா, போலீஸ்காரன் உட்கார்ந்து மிட்டாய் உடைக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"மிட்டாய் உடைஞ்சா யாரும் அழ மாட்டாங்கம்மா."

"இந்த ரைபிளை ஒருதரம் பிடிச்சுப் பாருங்க. சுலபம்னு போட்டுத் தர்றேன்."

"வேணாம்மா. அந்தச் சத்தம் எனக்கு ஒத்துக்காது."

சௌகத் பாய் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "சத்தம் ஒத்துக்காதவரு இன்னாத்துக்கு நைனா போலீசுல சேர்ந்தீரு? நாதஸ்வர கோஷ்டியிலயாவது சேர்ந்திருக்கலாம், அங்கயும் சத்தம்தான்."

ஏட்டும் சிரித்தார். அவர் நல்ல மனிதர் என்று காலனியில் பேச்சு வந்தது. விழுந்த சிப்பாய்களின் கண்களை அவர் குனிந்து மூடிவிடுவதைப் பலரும் பார்த்தார்கள். பூங்காவனம் ஓடுகிற சிப்பாயை விட்டுவிட்டு ரைபிளைத் தாழ்த்துவதை ஒருநாள் எட்டிப் பார்த்தவர், "ஏம்மா அவனை விட்டுட்டீங்க?" என்று கேட்டார்.

"ஓடறவனைச் சுட்டா அதுக்கு பேர் சண்டை இல்ல ஏட்டய்யா."

அவர் தன் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "உங்க தம்பியைச் சுட்டவன் பேர் தெரிஞ்சாத்தான் இப்ப என்ன ஆயிடப் போவுது?" என்றார்.

"செத்தவனுக்கு ஒண்ணும் ஆவாது. சுட்டவனுக்கு ஆவும்."

நிலைமையைப் பார்வையிட வந்த கலெக்டரின் காரின்மேல் தழும்பன் ஒருவன் விழுந்து முன்கண்ணாடியை உடைத்ததும் அரசாங்கத்தின் பொறுமை முடிந்தது. மறுநாள் மத்தியானம் வேன்கள் வந்தன. எச்சரிக்கை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. போனைக் கொடு என்றபடி வீடு வீடாகப் புகுந்தார்கள். அலமாரிகளை உடைத்தார்கள், பானைகளை உடைத்தார்கள், குறுக்கே நின்ற ஆண்களின் முட்டியிலும் பெண்களின் இடுப்பிலும் அடித்தார்கள். சௌகத் பாயின் பாய்லரை ஒருவன் காலால் எட்டி உதைத்தான். கொதிக்கும் தண்ணீர் பாயின் தொடையிலும் வயிற்றிலும் கொட்டி, அவர் தோல் கையோடு உரிந்து வந்தது. ஜெயசீலி வாசலை மறித்தாள். "கையை எடுடி" என்றான் ஒருவன். அவள் எடுக்கவில்லை. லத்தி இறங்கியது, மணிக்கட்டு உடைந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. இருபது வருஷம் ஊசியின்கீழ் தோலை நேர்கோட்டில் ஓட்டிய கை முருங்கைக்காய் மாதிரித் தொங்கியது. ஏட்டு தன் நாற்காலி அருகே எழுந்து நின்றார். அவர் அடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

போன் பூங்காவனம் பாதி தைத்துவைத்த பூட்ஸ் ஒன்றின் நுனியில் செருகியிருந்தது. அதை யாரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

வேன்கள் தெருமுனையைத் திரும்புவதற்குள் அவள் அதை வெளியே எடுத்தாள். நடுத்தெருவில், சௌகத் பாயின் டீ இன்னும் ஆவி பறக்க ஓடிக்கொண்டிருந்த இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள். பழைய ரைபிளோடு தொடாமல் வைத்திருந்த கையெறி குண்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டாள். சேர்த்துவைத்த மருந்துப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து விழுங்கினாள். கோட்டைக் கதவைத் தகர்த்து உள்ளே போனாள். பிறகு பூட்ஸ் காலனியில் சிப்பாய்கள் மழையாகப் பெய்தார்கள். கூரைகளில் விழுந்து தகரத்தைக் கிழித்தார்கள், மின்கம்பிகளில் சிக்கித் தொங்கினார்கள், போலீஸ் வேன்களின்மேல் கையும் காலும் வேறு வேறாக விழுந்தார்கள், வேன்களை விட்டுவிட்டுப் போலீஸ்காரர்கள் பாலாற்று மணலில் இறங்கி ஓடினார்கள். கேடயம் பிடித்தவன் கேடயத்தோடு விழுந்தான். சமையற்காரன் கையில் கரண்டியோடு விழுந்தான். கறுப்பு நாய் ஒன்று விழுந்தது, அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. தெருவில் கணுக்கால் அளவுக்குப் பனி, பனி முழுக்கச் சிவப்பு.

"போதும்க்கா! யக்கா, போதும்!" என்று ஜெயசீலி உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

கோட்டையில் ஒருவன்தான் மிச்சம். அவன் துப்பாக்கியைக் கீழே போட்டான். திரும்பினான். கேட்டை நோக்கி ஓடினான். பூங்காவனம் அவன் முதுகை நன்றாகப் பார்த்தாள். ஒரே ஒருமுறை சுட்டாள்.

அவன் அவள் காலடியிலேயே வந்து விழுந்தான். குப்புற விழுந்தவன் சாம்பல் சட்டை போட்டிருக்கவில்லை. நீலக் கட்டம் போட்ட பழைய சட்டை. வலது காலில் மட்டும் செருப்பு. அந்தச் செருப்பின் வாரில் இருந்த தையல் அவளுக்குத் தெரியும், அதன் ஜோடி அவள் வீட்டு ஆணியில் தொங்கியது. புரட்டினாள். மீசைக்காரன் இல்லை, தழும்பன் இல்லை, சின்னவன் இல்லை. ஒருநாள்கூட வயதாகாத சம்பங்கி, இமைகளில் பனியோடு.

காலனி அழுது முடிக்கச் சாயங்காலம் ஆனது. அழுகைக்கு நடுவே குளிப்பாட்டிய பெண்கள்தான் கண்டார்கள்: முதுகில் ஓட்டை ஒன்றல்ல, இரண்டு. ஒன்றிலிருந்து ரத்தம் இன்னும் கசிந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்த மற்றொன்று காய்ந்து, விளிம்பு கறுத்து, பழைய தோலில் ஆணி அடித்த ஓட்டை மாதிரி இருந்தது.

கோதண்டன் விரலில்லாத கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவர் கண்களில் தண்ணீரும் இருந்தது, வெளிச்சமும் இருந்தது.

"பூங்காவனம், ஜெயிச்சிட்டோம்! முதுகுல சுட்டிருக்கானுங்க! எதிர்த்து நின்னாங்கன்னு எழுதினானே, இந்தா முதுகு! ரெண்டு குண்டு! கலெக்டர் ஆபீசு வாசல்லயே வெச்சுப் படிப்போம். கொன்றது போலீஸ்னு எழுது."

"ஒண்ணு என்னுது."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"பைத்தியமா உனக்கு? முப்பத்தஞ்சு வருஷமா எதுக்காக நாயா அலைஞ்சோம்? ரெண்டும் அவனுங்களுதுன்னு எழுதினா கேஸ் நிக்கும். ஒண்ணு நான்தான்னு சொன்னியோ, ரெண்டும் நீதான்னு முடிச்சிடுவானுங்க. உன்னைத் தூக்கி உள்ள போடுவான், அவனுங்க பேர் எந்தக் காலத்துலயும் வராது. ரெண்டும் அவனுங்கதான். எழுது."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்படித்தான் முடிப்பார்கள். கேட்டுக் கேட்டு வயசான அந்தப் பெயர் அவளுக்கு இனி எப்போதுமே கிடைக்காமல் போகும். ஆனாலும் அட்டை மூடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மை உறிஞ்சும் அந்த அட்டையில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். எழுதும்போது யாரையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆற்றங்கரைச் சுடுகாட்டில் குழியருகே நாலு சாட்சிகள் இருந்தார்கள்: கையில் கட்டுப் போட்ட ஜெயசீலி, வாழையிலையில் படுக்கவைத்துத் தூக்கிவரப்பட்ட சௌகத் பாய், முகத்தைத் திருப்பிக்கொண்ட கோதண்டன், ரேஷன் கடைக்காரர். பின்னால் காலனி முழுக்க நின்றது. அதற்கும் பின்னால், வேலிக்கு அப்பால், இன்ஸ்பெக்டர் ஆட்களோடு நின்றார். ஏட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்.

பூங்காவனம் மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தாள்.

"சம்பங்கி. கன்னியப்பன் மகன். கேட்டை விட்டு ஓடும்போது முதுகில் சுடப்பட்டுச் செத்தான். இரண்டு தடவை சுடப்பட்டான். ஒரு தடவை சுட்டது, கன்னியப்பன் மகள் பூங்காவனம்."

கூட்டத்தில் யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கோதண்டன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். வேலிக்கு அப்பால் இன்ஸ்பெக்டர் தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார்.

"இன்னொரு தடவை சுட்டது" என்று படித்துவிட்டு அவள் நிறுத்தினாள். அதற்கடுத்து மூடியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் மூடியைத் தாழ்த்தவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். சம்பங்கியின் இமைகளில் பனி உருகாமல் இருந்தது. வெயில் ஏறியது. ஒருவரும் நகரவில்லை.

ஏட்டு தொப்பியைக் கழற்றினார். கூட்டம் எதற்கென்று தெரியாமலே அவருக்கு வழிவிட்டது. குழியின் விளிம்புக்கு வந்து உள்ளே கிடத்தியிருந்த முகத்தைப் பார்த்தார்.

"இவன் திரும்பிப் பார்த்தாம்மா" என்றார். "ஓடும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தான். சுடுன்னாங்க. எனக்கு அப்ப இவன் வயசுதான்."

"ஏட்டு! இந்தப் பக்கம் வாய்யா!" என்று வேலிக்கு அப்பாலிருந்து இன்ஸ்பெக்டர் கத்தினார்.

அவர் திரும்பவில்லை. "இவன் உடம்பை லாரியில ஏத்திக் கொண்டுபோனது யாருன்னு எனக்குத் தெரியாது. சுட்டது எனக்குத் தெரியும்."

பூங்காவனம் அவரை அடிக்கவில்லை. அடிப்பாள் என்று ஜெயசீலி நினைத்தாள், சௌகத் பாய் நினைத்தார், ஏட்டும் நினைத்து முகத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். அவள் மூடியையும் பேனாவையும் நீட்டினாள்.

"நான் சொல்றேன்மா, நீங்களே எழுதிக்குங்க."

"என்னோடதை நான்தான் எழுதினேன். எழுதுங்க. அப்பன் பேரோட."

அவர் மண்டியிட்டு, தொடையில் மூடியை வைத்து, குழந்தை எழுதுவது மாதிரி கோணலாக எழுதித் திருப்பிக் கொடுத்தார். அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து அணைத்து அவர் கையில் வைத்தாள். பிறகு மூடியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, நாலு சாட்சிகளும், காலனியும், வேலிக்கு அப்பால் நின்றவர்களும் கேட்கும்படி, விட்ட இடத்திலிருந்து படித்தாள்.

"இன்னொரு தடவை சுட்டது, வரதப்பன் மகன் தணிகாசலம்."